தாளில் பச்சை, டயரில் கம்பி: பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டயர் தேய்மானம்

## பின்னணி

எங்கள் பட்டறைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார் இது: இரண்டு கதவுகள், முன்னால் இன்ஜின், பின்சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம், பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனித் தண்டுகள் (லிங்குகள்) பிடித்திருக்கும் அமைப்பு. வண்டிக்கு ஒன்பது வயது. முன்டயர் 235 மி.மீ. அகலம், பின்டயர் 265. இப்படி முன்னும் பின்னும் வேறு வேறு அளவு போட்ட வண்டியில் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட வழியில்லை. சாதாரண காரில் ஒரு மூலையில் கோளாறு இருந்தால், டயர்களை அவ்வப்போது இடம் மாற்றுவதால் அந்தத் தேய்மானம் நான்குக்கும் பங்காகிப் பாதி மறைந்துவிடும். இங்கே அது நடக்காது. பின் இடது சக்கரத்தில் குறை என்றால் அதன் பலனை அந்த ஒரு டயர்தான் அனுபவிக்கும்.

பின்சக்கர இயக்க வண்டியில் பின்டயருக்கு வேலையும் அதிகம். வண்டியைத் தள்ளும் விசை முழுக்க அதன் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஆகவே முன்டயரைவிடப் பின்டயர் சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. அகலம் முழுக்கச் சீராகத் தேய்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உரிமையாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். வேகமாக ஓட்டுவார், முரட்டுத்தனமாக ஓட்டமாட்டார். பந்தயத் தடத்துக்கெல்லாம் போனதில்லை. அவர் வாங்கும்போது மீட்டரில் 68,000 கி.மீ. ஓடியிருந்தது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 30 மி.மீ. இறக்கியிருந்தார். பார்க்க அம்சமாக இருந்ததால் இவரும் அப்படியே விட்டுவிட்டார். 70,200 கி.மீ.யில் ஒரு கடையில் பின்டயர் இரண்டும் புதிதாகப் போட்டு, வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) செய்திருக்கிறார். அந்த அலைன்மென்ட் அளவுத் தாளைப் பிற்பாடுதான் கேட்டு வாங்கிப் பார்த்தோம். முன்சக்கரங்களின் அளவுகள் மட்டுமே அதில் இருந்தன. பின்பக்கக் கட்டங்கள் காலி.

## முதல் வருகை: 79,400 கி.மீ.

"அண்ணே, பின்னாடி பேரிங் போயிருச்சு போல" என்று சொல்லித்தான் வந்தார். 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறியது. பேரிங் சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் பேரிங் என்றால், வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது பெரும்பாலும் சத்தம் கூடும், அல்லது குறையும். இதில் மாற்றமே இல்லை. லிஃப்டில் ஏற்றி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரலை ஸ்பிரிங்கில் வைத்துப் பார்த்தோம். பேரிங் கெட்டிருந்தால் அந்தக் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். வரவில்லை.

அப்புறம்தான் விளக்கை உள்பக்கம் காட்டினோம். இடது பின்டயரின் உள்தோளில், அதாவது உள்பக்க ஓரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி நூல் நூலாகத் தெரிந்தது.

உரிமையாளர் அதை நம்பவே சற்று நேரம் ஆனது. அவரே வாராவாரம் வண்டி கழுவுகிறவர். வெளியிலிருந்து பார்க்க டயர் நன்றாகத்தான் இருந்தது. முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு உள் ஓரத்தைப் பார்த்துவிடலாம். பின்சக்கரம் திரும்பாது. போதாக்குறைக்கு அகல டயர், இறக்கிய வண்டி. டயரின் மேல்பாதி ஃபெண்டருக்குள் போய்விட்டது. குனிந்தாலும் தெரியாது, தரையில் படுத்தால்தான் தெரியும்.

பள்ளங்களின் ஆழத்தை அளந்தோம். இடது பின்டயரில் வெளிப்பள்ளம் 5.8 மி.மீ., நடு 5.1, உள்பள்ளம் 1.2. வலது பின்டயரில் வெளியே 5.9, நடுவில் 5.3, உள்ளே 3.4. பல நாடுகளில் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; டயர்ப் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டையின் உயரமும் அதுதான். இடது டயரின் உள் ஓரம் அதைக் கடந்து எப்போதோ போய்விட்டது. முன்டயர் இரண்டும் சீராக இருந்தன. காற்று நான்கிலும் கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்குச் சரியாக இருந்தது. ஆக, காற்றுக் குறைவால் இரண்டு ஓரமும் தேய்வது, காற்றுக் கூடி நடு தேய்வது என்ற இரண்டு வழக்கமான காரணங்களும் இங்கே பொருந்தவில்லை.

அலைன்மென்ட் மேடையில் நான்கு சக்கரங்களுக்கும் கருவி மாட்டினோம். இந்த வண்டியின் பின்சக்கரங்களுக்குக் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, கூடக்குறைய 0.5 வரை போகலாம். டோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிளஸ் 0.10 டிகிரி, கூடக்குறைய 0.05. பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: சக்கரத்தின் தலை வண்டிக்குள் சாய்ந்திருந்தால் மைனஸ் கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், அதாவது பிளஸ். வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட், மைனஸ். சிலர் பாதத்தை உள்பக்கமோ வெளிப்பக்கமோ திருப்பி நடப்பார்களே, அதுபோல.

வந்த அளவு இது. இடது கேம்பர் மைனஸ் 2.6, வலது மைனஸ் 2.3. இடது டோ மைனஸ் 0.12, வலது பிளஸ் 0.10.

## முதல் முடிவும் அதற்கான காரணமும்

வண்டியை இறக்கினால் மல்டிலிங்க் அமைப்பில் மைனஸ் கேம்பர் கூடும். அது தெரிந்த விஷயம். கேம்பர் கூடினால் எடை உள் ஓரத்தில் விழும், உள் ஓரம் தேயும். கண்ணுக்கு முன்னால் இறக்கிய வண்டியும் இருக்கிறது, தேய்ந்த உள் ஓரமும் இருக்கிறது. எனவே காரணம் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டோம். இடது டோ ஏன் தனியாக விலகியிருக்கிறது என்ற கேள்விக்கு, எப்போதாவது பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று நாங்களே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டோம்.

பின்டயர் இரண்டும் புதிதாகப் போடப்பட்டன. கேம்பரைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகளை (மையம் விலகியவை, திருப்பினால் லிங்க் நகரும்) அவற்றின் எல்லைவரை திருப்பியும் இடது மைனஸ் 2.2, வலது மைனஸ் 2.1க்கு மேல் வரவில்லை. டோவை இரண்டு பக்கமும் பிளஸ் 0.10க்கு வைத்தோம். அளவு எல்லைக்குள் இருந்தால் தாளில் கட்டம் பச்சையாக வரும், வெளியே போனால் சிவப்பாக. டோ கட்டங்கள் பச்சை. கேம்பர் மட்டும் கொஞ்சம் சிவப்பு. "இறக்கின வண்டிக்கு உள் ஓரம் கொஞ்சம் கூடத்தான் தேயும் தம்பி, 3,000 கிலோமீட்டரில் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினோம். இந்த வருகையில் நாங்கள் உருப்படியாகச் செய்தது அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். வேலைச் சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் லேசாக விலகுகிறது.' பக்கத்திலேயே 'டயர் தேய்ந்ததால்' என்றும் எழுதிவைத்திருக்கிறேன். அந்தச் சீட்டை இப்போது பார்த்தாலும் உறுத்துகிறது.

## இரண்டாம் வருகை: 82,600 கி.மீ.

சொன்னபடி வந்தார். புது டயர் போட்டு 3,200 கி.மீ. ஆகியிருந்தது. போடும்போது பின்டயர்களில் பள்ள ஆழம் 7.5 மி.மீ. இப்போது வலது டயரில் வெளியே 7.1, உள்ளே 6.7. இடது டயரில் வெளியே 7.1, உள்ளே 5.4.

வலது உள் ஓரம் இழந்தது 0.8 மி.மீ., இடது 2.1. இரண்டு பக்கக் கேம்பருக்கும் வித்தியாசம் 0.1 டிகிரிதான். அந்த 0.1 டிகிரி இரண்டரை மடங்கு தேய்மானத்தை விளக்காது. கேம்பர்தான் காரணம் என்ற எங்கள் கதை இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போனது.

இந்த முறை அவசரப்படாமல் டயரைக் கையால் படித்தோம். உள்ளங்கையை டிரெட்டின் (டயரின் தரையில் படும் பரப்பு) மேல் வைத்து, முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். வலது டயரில் இரண்டு திசையிலும் வழுவழுப்பு. இடது டயரில் உள்ளிருந்து வெளியே இழுத்தபோது கை வழுக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து உள்ளே இழுத்தபோது பள்ளங்களுக்கு இடையே உள்ள ஒவ்வொரு ரப்பர் வரியின் வெளி விளிம்பும் ரம்பப் பல் போலக் கையில் தட்டியது. மரத்தை இழைத்தவர்களுக்குத் தெரியும், இழைப்புக்கு எதிராகத் தடவினால் எப்படிக் குத்தும் என்று. அதேதான்.

இதற்கு அர்த்தம் உண்டு. சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருக்க, வண்டி நேராகப் போனால், டயர் ஓடும்போதே உள்பக்கமாக இழுபடுகிறது. இழுபடும் திசையில் முன்னால் இருக்கும் உள் விளிம்பு மழுங்கும், பின்தங்கும் வெளி விளிம்பு கூராக நிற்கும். அதாவது டோ-அவுட். டோ-இன் என்றால் இதற்கு நேர்மாறாகக் கூர் விளிம்பு உள்பக்கம் இருக்கும்.

மறுபடியும் மேடையில் ஏற்றினோம். இடது டோ பிளஸ் 0.09. வலது பிளஸ் 0.10. பச்சை.

கருவி டோ-இன் என்கிறது, டயர் டோ-அவுட் என்கிறது. கருவி தவறோ என்று கருவிகளைக் கழற்றி மாட்டி, வண்டியை உருட்டித் திரும்பவும் அளந்தோம். அதே எண். இரண்டுமே உண்மையாக இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு: நிற்கும்போது சக்கரம் ஒரு இடத்திலும், ஓடும்போது வேறு இடத்திலும் இருக்கிறது.

## தள்ளிப் பார்த்தது

பின்சக்கரங்கள் நழுவும் தகடுகளின் மேல் நின்றன. கருவிகளைக் கழற்றாமல், திரையில் டோ எண் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் இடது டயரின் பின்விளிம்பைப் பிடித்து உள்ளே வெளியே அழுத்தினார். பிளஸ் 0.09 என்று நின்ற எண், உள்ளே அழுத்தியபோது மைனஸ் 0.24 வரை போனது. கையை எடுத்ததும் மெதுவாக பிளஸ் 0.08க்குத் திரும்பியது. வலது சக்கரத்தில் அதே ஆள் அதே அளவு அழுத்தியபோது நகர்ந்தது 0.04 டிகிரிதான்.

ஆட்டம் எங்கே என்று தேடினோம். கீழிருந்து பார்க்க லிங்குகளின் முனைகளில் இருக்கும் எல்லா ரப்பர் புஷ்களும் (உலோக வளையங்களுக்கு நடுவே ரப்பர் வைத்த இணைப்புகள்) நன்றாகத்தான் இருந்தன. நெம்புகம்பியை ஒவ்வொரு இணைப்பிலும் செருகி அசைத்துக்கொண்டே வந்தபோது, இடது டோ லிங்க் (சக்கரத்தின் டோ கோணத்தைப் பிடித்து வைக்கும் தண்டு) சக்கரத் தாங்கியோடு சேரும் வெளிமுனையில் கம்பி 'டொக்' என்று இறங்கியது. கண்ணாடியை மேலே நீட்டிப் பார்த்தால், புஷ்ஷின் மேல்பாதி வாய் பிளந்திருந்தது. கழற்றிய பிறகு பார்த்ததில் ரப்பர் வெளிவளையத்திலிருந்து சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு விட்டுப்போயிருந்தது. கிழிசலின் பெரும்பகுதி மேல்பக்கம். லிஃப்டுக்குக் கீழே நின்று பார்க்கிறவன் கண்ணில் அது ஒருபோதும் படாது.

ஒரு புஷ்ஷில் இவ்வளவு வருமா என்று உரிமையாளர் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இணைப்புக்கும் சக்கர மையத்துக்கும் இடைவெளி சுமார் 200 மி.மீ. அங்கே 1.2 மி.மீ. ஆட்டம் இருந்தால் சக்கரம் ஏறத்தாழ 0.34 டிகிரி திரும்பிவிடும். சக்கரம் மைனஸ் 0.24 டிகிரியில் 1 கி.மீ. ஓடினால், டயர் பக்கவாட்டில் 4.2 மீட்டர் இழுபடுகிறது. வண்டி எப்போதும் அந்தக் கோணத்தில் ஓடுவதில்லை என்பது சரி. ஆனால் நாள் முழுக்க எத்தனை முறை ஆக்ஸிலேட்டரை விடுகிறோம், எத்தனை முறை பிரேக் பிடிக்கிறோம்? ஒவ்வொரு முறையும் தரை சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது. பிடிமானம் இல்லாத புஷ் இடம் கொடுக்கிறது, சக்கரம் வெளியே பார்க்கிறது.

கேம்பருக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. கேம்பர் எடையை உள் ஓரத்தில் ஏற்றி வைத்தது, டோ அந்த ஓரத்தை அரத்தில் வைத்து ராவியது. கேம்பர் மட்டும் கூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வலது டயரே சாட்சி: தேய்கிறது, ஆனால் பொறுத்துக்கொள்ளும் அளவில்.

வளைவில் பின்பக்கம் விலகியதும் இதனால்தான். வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஒரு பின்சக்கரம் தானாக ஸ்டியரிங் திருப்பிக்கொள்கிறது. பின்சக்கர டோ-அவுட் வண்டியின் நிலைத்தன்மையைக் குலைக்கும், ஈரச்சாலையில் இன்னும் மோசம். ஆகவே சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். டயரைவிட இதுதான் அவரை யோசிக்க வைத்தது.

## புஷ் ஏன் கிழிந்தது

ஒன்பது வயதான ரப்பர், 80,000 கி.மீ. ஓட்டம். வயசாகிவிட்டது என்று முடித்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை கைக்கு எட்டிய பதிலை எடுத்துக்கொண்டு ஏமாந்திருந்தோம். கழற்றுவதற்கு முன் போல்ட்டைத் துடைத்துப் பார்த்தோம். அதன் தலைக்கும் லிங்குக்கும் குறுக்கே தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் பெயிண்ட் கோடு உடையாமல், ஒரு மயிரிழை விலகாமல் அப்படியே இருந்தது. அந்த போல்ட்டை இன்றுவரை யாரும் திருப்பியதில்லை.

இது முக்கியம். இந்த வகை புஷ்ஷில் நடு உலோகக் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அது சுழலாது. லிங்க் மேலும் கீழும் ஆடும்போது இடையில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு திரும்பி வருகிறது. எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை. தொழிற்சாலை வண்டியின் அசல் உயரத்துக்கு இறுக்கியிருந்தது. முந்தைய உரிமையாளரின் காலத்தில் ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கியபோது இந்த போல்ட்டைத் தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி இறுக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. சுமார் 350 மி.மீ. நீள லிங்குக்கு 30 மி.மீ. இறக்கம் என்றால் ஏறத்தாழ 5 டிகிரி. வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு மேல்தான் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும்.

லிங்கின் உள்முனையை அலைன்மென்டுக்காக நாங்களே தளர்த்தி, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்கியிருந்தோம். அதனால் அந்த முனையின் முறுக்கு தெரியாமலேயே விடுபட்டுவிட்டது. வெளிமுனைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வலது பக்க வெளிமுனை புஷ்ஷையும் கழற்றிப் பார்த்தோம். மேல்பக்கம் அரை அங்குலத்துக்கு மெல்லிய கீறல். அதுவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, சற்று மெதுவாக.

## இரண்டாம் முடிவு

இரண்டு டோ லிங்குகளின் புஷ்களையும் மாற்றுவதில் பேச்சே இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் கொஞ்சம் விவாதம். உரிமையாளர் பாலியூரிதேன் புஷ் கேட்டார், அது கிழியாது என்று. கெட்டியானதுதான். ஆனால் மல்டிலிங்கில் இந்த இணைப்பு ஒரே தளத்தில் ஆடுவதில்லை. கொஞ்சம் சாயவும் வேண்டியிருக்கிறது. ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும். பாலியூரிதேன் அந்த அளவுக்குக் கொடுக்காது, கிரீஸ் காய்ந்தால் கீச்சிடவும் செய்யும். தினமும் ஓடும் வண்டிக்கு அசல் ரப்பர் புஷ்ஷே போதும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

அசல் ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிடலாம் என்றும் சொன்னேன். என் மனசுக்கு அதுதான் சரி. அவர் மறுத்துவிட்டார். வண்டி அவருடையது, தோற்றமும் அவருக்கு வேண்டும். அப்படியானால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கேம்பர் ஆர்ம்கள் இரண்டு பக்கமும் போட்டாக வேண்டும் என்றேன். எக்சென்ட்ரிக் போல்ட்டின் எல்லை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

பின்பக்கத்தில் ரப்பர் புஷ் உள்ள எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தினோம். சக்கரங்கள் தொங்கும் லிஃப்டிலிருந்து இறக்கி, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நான்கு தூண் லிஃப்டில் வண்டியை நிறுத்தினோம். எரிபொருள் பாதித் தொட்டி, ஓட்டுநர் இருக்கையில் 75 கிலோவுக்கு மணல் மூட்டை. வண்டியைப் பின்னால் நாலைந்து முறை அழுத்திவிட்டு அமர வைத்து, அந்த உயரத்தில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினோம். இதற்கே பாதி நாள் போனது. கேம்பரை முதலில், டோவைக் கடைசியில் வைத்தோம். வரிசையை மாற்றினால் கேம்பர் ஆர்மைத் தொட்டதும் டோ கலைந்துவிடும், செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

முடிவில் கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் 1.7, டோ இரண்டு பக்கமும் பிளஸ் 0.10. தள்ளிப் பார்த்தபோது இடது 0.03 டிகிரி, வலது 0.02 நகர்ந்தது.

டயர்களை என்ன செய்வது? இடது டயரில் உள்ளே 5.4 மி.மீ. இன்னும் இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை. இவை உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறியிட்ட டயர்கள். சுழலும் திசைக் குறி கிடையாது. ஆகவே ரிம்மிலிருந்து கழற்றாமலே இடதும் வலதும் மாற்றிப் போடலாம். மாற்றினோம். இதில் ஒரு சோதனையும் இருந்தது. நல்ல டயர் இப்போது இடது பக்கம். கோளாறு இன்னும் அந்த மூலையில் இருந்தால் அதையும் தின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும்.

ரம்பப் பல் விழுந்த டயர் வலது பக்கம் போனாலும் கத்திக்கொண்டுதான் இருக்கும், சத்தம் உடனே போகாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் மறுநாளே பேரிங் என்று வந்திருப்பார்.

## அதன் பிறகு

1,000 கி.மீ.யில் ஒருமுறை வரவழைத்தோம். புதிய புஷ்கள் அமர்ந்ததில் வலது டோ பிளஸ் 0.07க்கு வந்திருந்தது. எல்லைக்குள்தான், ஆனாலும் 0.10க்குத் திருப்பி வைத்தோம். வளைவில் பின்பக்கம் விலகுவது முதல் நாளிலேயே நின்றுவிட்டது என்றார்.

85,700 கி.மீ.யில், அதாவது வேலை முடிந்து ஏறத்தாழ 3,000 கி.மீ.க்குப் பிறகு, இடது டயரில் வெளியே 6.6, உள்ளே 6.1. வலது டயரில் வெளியே 6.6, உள்ளே 4.8. மாற்றிப் போடும்போது இருந்த அளவுகளோடு ஒப்பிட்டால் இரண்டு உள் ஓரங்களும் ஒரே மாதிரி 0.6 மி.மீ. இழந்திருக்கின்றன, வெளி ஓரங்கள் 0.5. ஆழமானியில் 0.1, 0.2 முன்பின் வரும் என்பதால் இதில் இதற்கு மேல் நுணுக்கம் தேடவில்லை. இடது மூலை இனி டயரைத் தனியாகத் தின்னவில்லை என்பது போதும்.

90,800 கி.மீ.யில் இடது டயரில் வெளியே 5.7, உள்ளே 5.1. வலது டயரில் வெளியே 5.7, உள்ளே 3.7. கையால் தடவினால் வலது டயரின் பற்களும் ஏறக்குறைய மழுங்கிவிட்டன. 'ஊம்' இன்னும் இருக்கிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்காத அளவுக்கு. உள் ஓரம் வெளி ஓரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் தேய்கிறது. மைனஸ் 1.7 கேம்பருக்கு அது நியாயம்.

## எங்களிடம் என்ன மாறியது

அலைன்மென்ட் மேடையில் ஏற்றும் முன் எல்லா டயரையும் இரண்டு திசையிலும் கையால் தடவி, எந்த விளிம்பு கூராக இருக்கிறது என்று சீட்டில் எழுதுகிறோம். அரை நிமிட வேலை. முதல் வருகையில் இதைச் செய்திருந்தால் இடது டயரில் தேயாமல் மிச்சமிருந்த நடு வரிகளே சொல்லியிருக்கும்.

ஒரு சக்கரத்தின் டோ மட்டும் தனியாக விலகியிருந்தால், திருத்துவதற்கு முன் நெம்புகம்பி போட்டு அசைக்காமல் விடுவதில்லை. ஆட்டம் உள்ள இணைப்பை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, கால் ஆடும் மேசையின் மேல் தண்ணீர் மட்டம் பார்ப்பது போலத்தான். இறக்கிய வண்டி என்றால் தள்ளிப் பார்த்த அளவையும் தாளில் பேனாவால் எழுதித் தருகிறோம், அச்சாகி வரும் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. ஸ்பிரிங் எப்போது மாற்றியது, புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கினார்களா என்ற கேள்வியும் இப்போது முதல் கேள்விகளில் ஒன்று. பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது; பெயிண்ட் கோட்டுக்குத் தெரியும்.

ஓட்டுகிறவர் சொல்வதை எழுதும் இடத்தில் நம் விளக்கத்தை எழுதக் கூடாது என்பதும் இதில் சேரும். இப்போது சீட்டில் இரண்டும் தனித்தனிக் கட்டம். வளைவில் விலகுகிறது என்று அவர் சொன்னது அவர் கட்டத்தில் மட்டும் இருந்திருந்தால், மறுபடி படிக்கும் யாராவது ஒருவருக்காவது பொறி தட்டியிருக்கும்.

உரிமையாளர் தன் பங்குக்கு ஒன்று செய்கிறார். மாதம் ஒருமுறை கைப்பேசியைப் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் நீட்டி, வெளிச்சம் போட்டு, இரண்டு டயரின் உள் ஓரத்தையும் படம் எடுத்து அனுப்புகிறார். போன மாதப் படத்தில் இடது டயரின் உள்தோளில் ஏதோ கோடு போலத் தெரிய, வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். சேற்றுக்கோடு. துடைத்துவிட்டு அனுப்பினோம்.